வளைவில் நாங்கள் வெளிப்பக்கம் சாய்ந்தோம், பாட்டிலில் இருந்த குமிழி மட்டும் உள்பக்கம் ஓடியது ஏன்?

ராசிபுரம்_தையல்கடை

வணக்கம். ராசிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் எடுத்ததால் எனக்கு இயற்பியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, பயோ மேத்ஸ். அவள் கேட்ட ஒரு கேள்வி ஒரு வாரமாக என்னை விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவு. இடப்பக்க சீட்டில் நான் ஜன்னல் ஓரம், நடுவில் மகள், நடைபாதை ஓரம் என் மாமியார். பஸ் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் மூன்று பேரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டோம். இடப்பக்கம் திரும்பினால் மாமியார் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நடைபாதையில்தான் விழுவார். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

மகள் மடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே படுக்க வைத்திருந்தாள். ஒரே ஒரு மடக்கு குடித்திருந்ததால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குமிழி நின்றது. இருபத்தி மூன்றாவது வளைவோ என்னவோ, பஸ் வலப்பக்கம் ஒடித்தது. நாங்கள் இடப்பக்கம் சாய்ந்தோம். குமிழி வலப்பக்க முனைக்கு ஓடிப் போய் மூடியில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்ப, நாங்கள் வலப்பக்கம், குமிழி இடப்பக்கம். பத்து வளைவு விடாமல் பார்த்துவிட்டோம். ஒரு தடவைகூட மாறவில்லை.

"நம்மளை வெளிய தள்ளுற விசை குமிழியை மட்டும் ஏன்ம்மா உள்ள தள்ளுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மையவிலக்கு விசை என்று உண்மையில் ஒன்று கிடையாது என்று வகுப்பில் சொன்னார்களாம். ஆனால் புத்தகத்தில் அதற்குத் தனித் தலைப்பு இருக்கிறது, கேள்வியும் வருகிறது. என் தோள் ஜன்னல் கம்பியில் இடித்துச் சிவந்து போயிருந்தது. இல்லாத விசை எப்படி இடிக்கும்? தெரிந்தவர்கள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், நான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

கோவை_பம்புசெட்

காற்றுக்கு எடை கிடையாது. அதனால் மையவிலக்கு விசை அதன்மேல் வேலை செய்யாது. அவ்வளவுதான்.

பழைய_பிசிக்ஸ்_வாத்தியார்

31 வருடம் இயற்பியல் நடத்தினேன். இந்தக் குமிழிக் கேள்வியை என்னிடம் ஒரு மாணவரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தோள். பஸ் நேராகப் போகும்வரை நீங்களும் அதே வேகத்தில் நேராகப் போகிறீர்கள். ஓட்டுநர் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்ததும் சாலை டயரை உராய்வால் பிடித்து உள்பக்கம் தள்ளுகிறது. டயரோடு பஸ்ஸும் திரும்புகிறது. உங்களை யார் திருப்புவது? சீட்டின் உராய்வு கொஞ்சம் முயற்சி செய்கிறது, அது போதவில்லை. ஆகவே உங்கள் உடம்பு பழைய திசையிலேயே நேராகப் போகப் பார்க்கிறது. அதற்குள் ஜன்னல் கம்பி உங்கள் பாதைக்குக் குறுக்கே வந்து, உங்கள் தோளை உள்பக்கமாகத் தள்ளுகிறது. சிவந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். அது தோளின் வெளிப்புறம்தானே? கம்பி தொட்ட இடமும் அதுதான், தள்ளிய இடமும் அதுதான். வெளியே தள்ளிய கை ஒன்று இருந்திருந்தால் அதன் தடம் மறுபக்கத் தோளில் இருக்க வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை.

வட்டத்தில் போகிற எதற்கும் மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. கவண் கல்லுக்கு அதைக் கயிறு தருகிறது, பஸ்ஸுக்குச் சாலை, உங்களுக்குக் கம்பி. அந்த விசை நின்ற நொடியில் பொருள் தொடுகோட்டில் நேராகப் போகும். கவணில் ஒரு வாரை விட்டதும் கல் நம் கையிலிருந்து நேர் வெளியே பாய்வதில்லை, அந்த நொடியில் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம் போகிறது. உங்கள் மிஷின் சக்கரத்தில் எண்ணெய் கூடுதலாகப் போட்டு ஓட்டினால் சொட்டு எப்படித் தெறிக்கிறது என்று பாருங்கள்.

எவ்வளவு விசை? வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுத்தால் முடுக்கம். பஸ் மணிக்கு 18 கி.மீ., அதாவது நொடிக்கு 5 மீட்டர் போகிறது, வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25-ஐ 15-ஆல் வகுத்தால் 1.67. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 100 நியூட்டன், சுமாராக 10 கிலோ அரிசிப் பையைத் தாங்குவதற்கு வேண்டிய பலம். வேகத்தை இரட்டிப்பாக்கினால் பை இரண்டாகாது, நான்காகும். அதே வளைவை 36-இல் எடுத்தால் 40 கிலோ.

இப்போது குமிழி. பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரும் உங்களைப் போலத்தான் நேராகப் போகப் பார்க்கிறது. பாட்டிலின் வெளிமுனை அதை உள்ளே தள்ளியாக வேண்டும். அதனால் வெளிமுனைப் பக்கம் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது, உள்முனைப் பக்கம் குறைகிறது. இந்த அழுத்த வித்தியாசம்தான் நடுவில் இருக்கும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் வளைவில் திருப்பிக்கொண்டு போகிறது. குமிழி இருக்கும் இடத்தில் தண்ணீர் இருந்திருந்தால் அந்தத் தள்ளு அதற்குச் சரியாகப் போதும். ஆனால் அங்கே இருப்பது காற்று. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ, ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். தள்ளு அதே தள்ளு, தள்ளப்படுகிற பொருளோ எண்ணூறில் ஒரு பங்குதான். காற்று அவ்வளவு சீக்கிரம் திரும்பி உள்முனைக்குப் போய்விடுகிறது.

கோவை நண்பருக்கு: காற்றுக்கும் நிறை உண்டு, அதுவும் நேராகத்தான் போகப் பார்க்கும். பக்கத்தில் தண்ணீர் இருப்பதால் தோற்றுப்போகிறது.

மேஸ்திரி_திருச்செங்கோடு

அக்கா, நான் கட்டட வேலை. படிப்பு குறைவு, ஆனால் உங்கள் பாட்டில் எனக்குத் தெரிந்த சாமான். அது ரசமட்டம். சுவர் வைக்கும்போது ரசமட்டத்தில் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் மேடு. வளைவில் பாட்டிலுக்கு உள்பக்கம் மேடு, வெளிப்பக்கம் பள்ளம் என்று தோன்றியிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் நீங்கள் சரிந்தீர்கள், மேட்டுப் பக்கம் குமிழி ஏறியது. இரண்டும் ஒரே சங்கதிதான்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஒன்றுக்கொன்று பொய் சொல்லாது. அடுத்த தடவை ஒரு நூலில் ஏதாவது கனமாகக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், குண்டு வெளிப்பக்கம் சாயும். ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பஸ்ஸே சாய்ந்து நின்றாலும் குமிழி ஓடும். ரோடு சரிவா, பஸ் சாய்வா, வளைவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

லாரி_நாமக்கல்

மேஸ்திரி சொன்னது ரொம்பச் சரி. பஸ்ஸோ லாரியோ, வளைவில் பட்டைக்கு, அதாவது ஸ்பிரிங்குக்கு, மேலே இருக்கிற உடம்பு வெளிப்பக்கம் கொஞ்சம் சாயும். கொண்டை ஊசியில் ரோட்டை உள்பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள், அது இந்தச் சாய்வில் கொஞ்சத்தைச் சரிக்கட்டும்.

நான் 19 வருடமாக லாரி ஓட்டுகிறேன். சார் எழுதிய கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பதை உட்காரும் இடத்தில் உணர்ந்திருக்கிறேன். அதனால்தான் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து கியரை இறக்கிவிட வேண்டும். உள்ளே போன பிறகு பிரேக் மிதிக்கக்கூடாது. டயருக்கு இருக்கிற பிடி ஒன்றுதான். அந்தப் பிடியில்தான் வண்டி திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஏதாவது ஒன்றை விட்டுவிடும்.

பாரத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும் அக்கா. தாழ்வான பாரம் என்றால் வேகம் மிஞ்சும்போது டயர் வழுக்கும். வைக்கோல் மாதிரி உயரமாக ஏற்றியிருந்தால் வழுக்குவதற்கு முன்னாலேயே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், வண்டி கவிழும். டேங்கரில் அரைவாசித் தண்ணீர் இருப்பது முழுசாக இருப்பதை விட ஆபத்து. உங்கள் பாட்டிலில் நடந்ததுதான் அங்கே ஆயிரக்கணக்கான லிட்டரில் நடக்கிறது. தண்ணீர் மொத்தமும் வெளிப்பக்கம் போய் நின்றுகொண்டு வண்டியைச் சாய்க்கும். உள்ளே ஓட்டை போட்ட தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள், ஆனால் அது முன்னும் பின்னும் அலைவதைத்தான் அடக்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கு ஓட்டுகிறவன் நிதானம் மட்டும்தான் மருந்து.

ராசிபுரம்_தையல்கடை

எல்லோருக்கும் நன்றி. இரவு கடை மூடிய பிறகு மகளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். தோளின் எந்தப் பக்கம் சிவந்தது என்ற இடத்தில் இருவருமே நிறுத்திவிட்டோம். நாற்பது வயதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

வாத்தியார் ஐயா சொன்ன எண்ணெயையும் பார்த்தேன். மிஷின் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சொட்டு வைத்து, பக்கத்தில் வெள்ளைக் காடாத் துணியைப் பிடித்துக்கொண்டு மகளை மிதிக்கச் சொன்னேன். துணியில் விழுந்த புள்ளிகளை அளவு ஸ்கேல் வைத்துப் பின்னால் நீட்டிப் பார்த்தால் கோடு சக்கரத்தின் நடுவுக்குப் போகவில்லை, விளிம்பை உரசிக்கொண்டு போகிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, மகளுடையது: பஸ் ஒரே வேகத்தில் போகிறது, முள் 18-லேயே நிற்கிறது. அப்புறம் எப்படி அதற்கு முடுக்கம் என்று பெயர்? இரண்டாவது, என்னுடையது. வெளியே தள்ளும் விசை இல்லை என்றீர்கள், புரிந்தது. ஆனால் மேஸ்திரி தம்பி சொன்ன மாதிரி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிற எனக்கு வெளிப்பக்கம் பள்ளமாகத்தானே இருந்தது? அது பிரமையா?

பழைய_பிசிக்ஸ்_வாத்தியார்

காடாத் துணிச் சோதனையைப் படித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன் அம்மா. பள்ளிக்கூட ஆய்வகத்தில் இதை நான் செய்யாமல் விட்டுவிட்டேனே என்று இருந்தது.

மகளுக்கு: முள் காட்டுவது எவ்வளவு வேகம் என்பதை மட்டும். எந்தப் பக்கம் என்பதை அது காட்டாது. திசைவேகத்தில் இரண்டும் சேர்ந்திருக்கிறது, இரண்டில் எது மாறினாலும் முடுக்கம்தான். நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து நாம் இருப்பதைப் போல 60 மடங்கு தூரத்தில் நிலா இருக்கிறது, ஈர்ப்பு 3,600-இல் ஒரு பங்காகக் குறைகிறது. இங்கே ஒரு கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். நிலா ஒரு நொடியில் தன் நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் இறங்குகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுவதால் நம்மை நெருங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நியூட்டன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஆப்பிளையும் நிலாவையும் ஒரே விதியில் கட்டினார்.

உங்கள் கேள்விக்கு: பிரமை இல்லை. சாலையோரத்தில் நின்று உங்களைப் பார்க்கிறவருக்கு, நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், கம்பி உங்களை உள்ளே தள்ளுகிறது, கதை முடிந்தது. அவருக்கு மையவிலக்கு விசை தேவையே இல்லை. ஆனால் நீங்கள் பஸ்ஸோடு சேர்ந்து திரும்புகிறீர்கள். உங்கள் கண்ணுக்கு சீட், கம்பி, மாமியார் எல்லாம் அசையாமல் நிற்கிறது. கம்பி உள்ளே தள்ளுகிறது, இருந்தும் நீங்கள் நகரவில்லை. கணக்கு நேராக வேண்டுமானால் வெளிப்பக்கம் அதே அளவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் மையவிலக்கு விசை. திரும்புகிற வண்டிக்குள்ளிருந்து கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும் உரியது. புத்தகம் அதைப் போலி விசை என்கிறது, எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. கேட்கிற பிள்ளைகள் பொய் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

மையவிலக்கு என்ற பெயரைத் தந்தவர் ஹாலந்து நாட்டு கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரம் பற்றி 1673-இல் வெளியிட்ட நூலின் கடைசியில் இதன் விதிகளை வைத்தார். நியூட்டன் 1687-இல் அதைத் திருப்பிப் போட்டு மையநோக்கு விசை என்று எழுதினார். இரண்டு பேரும் ஒரே அளவைத்தான் சொன்னார்கள்.

தேர்வில் எப்படி எழுதுவது என்று மகள் கேட்டால், சாலையிலிருந்து பார்க்கிறோமா பஸ்ஸுக்குள்ளிருந்து பார்க்கிறோமா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கலப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. நீங்கள் டேப் வைத்திருப்பவர். சரியாக 12 அங்குல நூல் எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு பக்கவாட்டில் எத்தனை அங்குலம் விலகுகிறதோ அதை 12-ஆல் வகுத்தால், முடுக்கம் புவியீர்ப்பில் எத்தனை பங்கு என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். நான் போட்ட கணக்கு சரியென்றால் 2 அங்குலம் விலக வேண்டும்.

தண்டவாளம்

ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருக்கிறேன். லாரி அண்ணன் சொன்ன ரோட்டுச் சரிவுதான் எங்கள் முழுநேர வேலை. வளைவில் வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தை விட உயர்த்தி வைப்போம். கேண்ட் என்போம். வேகத்தை வேகத்தால் பெருக்கி, 127-ஆலும் மீட்டரில் ஆரத்தாலும் வகுத்து, 1,750-ஆல் பெருக்கினால் எத்தனை மில்லிமீட்டர் உயர்த்துவது என்று கிடைக்கும். 1,750 என்பது அகலப்பாதையில் இரண்டு தண்டவாளத் தலைகளின் நடுவுக்கு நடு இடைவெளி, மில்லிமீட்டரில். 127 எங்கிருந்து வந்தது என்று வெகுநாள் தெரியாமலேயே மனப்பாடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மணிக்குக் கிலோமீட்டரை நொடிக்கு மீட்டராக மாற்றும் 3.6-ஐ அதனாலேயே பெருக்கி, புவியீர்ப்பின் 9.8-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கி.மீ. வேகத்துக்கு 157 மி.மீ. உயர்த்த வேண்டும். அதே பாதையில் 60-இல் வருகிற சரக்கு வண்டிக்கு 57 போதும். இரண்டும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன, அதனால் நடுவில் ஒரு அளவு வைக்கிறோம். வேகமான வண்டி வெளித் தண்டவாளத்தை உரசும், மெதுவான சரக்கு வண்டி உள் தண்டவாளத்தை அழுத்தும். வெளித் தண்டவாளத்தின் உட்பக்கம் தேய்ந்துவிடாமல் இருக்க அங்கே கிரீஸ் பூசுகிறோம். அந்தத் தேய்ந்த பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தால் உங்கள் தோள் மாதிரிதான் இருக்கும் அம்மா. சக்கரத்தை உள்ளே தள்ளித் தள்ளித் தேய்ந்த இடம்.

ராசிபுரம்_தையல்கடை

மறுபடி போய்விட்டு வந்தோம். மாமியாருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது, எங்களுக்கு இது.

கோட்டுப் பித்தளைப் பொத்தான் மூன்றைச் சேர்த்து மெழுகு நூலில் கட்டி, முன்சீட்டுக் கம்பியிலிருந்து சரியாக 12 அங்குலத்துக்குத் தொங்கவிட்டேன். கீழே டேப்பைக் குறுக்கே ஒட்டி, சமதரையில் நூல் நிற்கிற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன். முதல் சில வளைவில் பொத்தான் ஊஞ்சல் மாதிரி ஆடியதால் ஒன்றும் படிக்க முடியவில்லை. மகள் விரலால் தொட்டு ஆட்டத்தை அடக்கிவிட்டுக் கையை எடுக்கப் பழகினாள்.

ஒரு வளைவின் நடுவில் எதிரே லாரி வந்து பஸ் அப்படியே நின்றுவிட்டது. பொத்தான் கோட்டைத் தாண்டி அரை அங்குலம் உள்பக்கம் தொங்கியது. அது ரோட்டுச் சரிவு மட்டும். அதற்கடுத்து அதே பக்கம் திரும்பும் வளைவில் நிற்காமல் போனோம். ஒன்றே முக்கால் அங்குலம் வெளிப்பக்கம். இரண்டு வளைவுக்கும் சரிவு ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் இரண்டே கால். பஸ் உடம்பு சாய்ந்ததும் அதில் சேர்ந்திருக்கும். மாமியார் மடியில் பாட்டில், குமிழி பொத்தானுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

மகள் அங்கேயே நோட்டில் கணக்குப் போட்டாள். இரண்டே காலை 12-ஆல் வகுத்து, 9.8-ஆல் பெருக்கி, 15 மீட்டர் ஆரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தாள். நொடிக்கு 5.2 மீட்டர் சொச்சம், மணிக்குக் கிட்டத்தட்ட 19 கி.மீ. மேலே இறங்கும்போது ஓட்டுநரிடம், "அண்ணா, வளைவுல எவ்வளவு வேகத்துல வருவீங்க?" என்று கேட்டாள்.

"இருபதுக்குள்ளதான் பாப்பா" என்றார்.